நான் படிக்கத் தெரியாமல் படித்த கார்டு

சரோஜா, நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. இந்தக் கடிதத்தை உன் அம்மா நாளைக் காலை நஞ்சன்கூடு ரயிலில் கொண்டுவருகிறாள். கவரை நான் ஒட்டவில்லை. மாப்பிள்ளை படிக்கலாம், உன் மாமியார் படிக்கலாம், அவர்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன்னைக் கடையில் நாலு பேர் எதிரில் வைத்துத்தான் நான் பேசினேன். இதை மட்டும் ஒட்டி ரகசியமாக அனுப்புவது நியாயமாக இருக்காது.

பத்து நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை எனக்கு எழுதியிருந்தார். சாக்கும் கயிறும் வாங்கி அரிசி மில்களுக்கு அனுப்புகிற வியாபாரம் தொடங்கப்போகிறாராம். மில்காரர்கள் எல்லோரும் கன்னடத்தில்தான் கார்டு போடுகிறார்களாம். கடிதப் போக்குவரத்தை நீ பார்த்துக்கொண்டால் தனக்குப் பாதி பாரம் குறையும் என்று உன்னைக் கேட்டிருக்கிறார். நீ மாட்டேன் என்றாயாம். 'என் கை பட்டு ஒரு வியாபாரம் கெட்டது போதும்' என்று சொன்னாயாம். 'நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள்' என்று என்னிடம் மன்றாடியிருக்கிறார் அந்த நல்ல மனிதர். இதைப் படித்ததும் ஒரு தகப்பனுக்கு என்ன வந்திருக்க வேண்டும்? எனக்கு வந்தது பொறாமை. உன் கையெழுத்து இந்த மனிதருக்குச் சும்மா கிடைக்கப் பார்க்கிறதே என்று பொறாமை. நீ மாட்டேன் என்று சொன்னதில் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாகக்கூட இருந்தேன். அன்று கடையில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினேன். மறுநாள்தான் அந்தச் சந்தோஷம் எனக்கே அருவருப்பாக இருந்தது. அதற்கப்புறமும் பதில் எழுதாமல் அவருடைய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். கடிதங்களைச் சட்டைப் பையில் ஒளித்துவைப்பது எனக்குப் பழக்கம் என்பதை இன்னும் கொஞ்ச நேரத்தில் நீ தெரிந்துகொள்வாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காகத் திருச்சியிலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்குப் பதினாறு வயது. படிப்பெல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் முடிந்துவிட்டது. கன்னடம் தெருவில் கற்றுக்கொண்டேன். மார்க்கெட்டில் நான் பேசினால் யாரும் என்னைத் தமிழன் என்று சொல்ல மாட்டார்கள். பேரம், கேலி, சண்டை, துக்கம் விசாரிப்பது, எல்லாம் கன்னடத்தில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சரோஜா, எனக்கு அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும், எடைக்கல்லிலும் பஸ்ஸிலும் பார்த்துப் பழகியது. மற்றபடி கடைப் பலகையில் என் பெயரையே தலைகீழாக எழுதி மாட்டியிருந்தாலும் நான் அதன் கீழே உட்கார்ந்து ஊதுவத்தி விற்றிருப்பேன். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவனுக்குப் படிக்கத் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தினம் காலையில் கன்னடப் பேப்பரை வாங்கிக் கடையில் விரித்துவைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் ஏதாவது சேதியைச் சொன்னால், 'ஆமாம், பார்த்தேன்' என்பேன்.

அந்த நாளில் அது ஒரு குறையாகவும் இல்லை. வெளியூர் வியாபாரிகள் இங்கிலீஷில் எழுதுவார்கள், அல்லது யாரையாவது வைத்து எழுதுவிப்பார்கள். நானும் இங்கிலீஷில் பதில் போடுவேன். என் இங்கிலீஷ் கடிதங்களைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியும். அப்பாவின் ஆபீஸ் கடிதங்களைப் பார்த்துப் படித்த நடை. 'தங்களுடைய மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம், அதன் விஷயங்கள் கவனத்தில் கொள்ளப்பட்டன, தங்கள் விருப்பத்தை நிறைவேற்ற எங்களாலான முயற்சிகள் மேற்கொள்ளப்படும்' என்ற ரீதியில் ஒரு பக்கம் ஓடும். சரக்கு இருக்கிறதா, இல்லையா, எந்த ரயிலில் வருகிறது என்பது மட்டும் அதில் இருக்காது. சரக்கு இல்லை என்றால் இல்லை என்று எழுத எனக்குக் கூச்சம். அழகாகச் சுற்றி வளைத்து எழுதிவிட்டால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நினைப்பு. அவர்களோ சரக்கு வரும் என்று ஸ்டேஷனில் போய் நின்றிருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்தது, மொழிவாரி ராஜ்யம் வந்தது, ஹுப்ளிப் பக்கமெல்லாம் நம்மோடு ஒரே ராஜ்யமாகிவிட்டது. வியாபாரிகள் துணிந்து தங்கள் பாஷையிலேயே கார்டு போட ஆரம்பித்தார்கள். நியாயந்தானே, மாட்டிக்கொண்டது நான்தான். அப்போது நீ பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய். உன் கன்னடம் பள்ளிக்கூடத்துக் கன்னடம், பார்க்கவே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எழுத்து. 'எனக்குக் கண் கொஞ்சம் மங்கலாயிருக்கு, இதைப் படிம்மா' என்று முதல் கார்டை உன்னிடம் நீட்டினேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. நீ படித்தாய், பதிலும் எழுதினாய். படித்த கார்டு ஒவ்வொன்றின் இடது மூலையிலும் எனக்காகத் தமிழில் இரண்டு வார்த்தை பென்சிலால் குறித்துவைத்தாய். 'நாற்பது அனுப்பு' என்று இருக்கும், 'பதில் போட்டாச்சு' என்று இருக்கும். அது நீயாகவே கொண்டுவந்த ஏற்பாடு. அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இரண்டு வருஷம் நான் வியாபாரம் செய்தேன்.

ஹுப்ளி வீரப்ப சாகுகாருக்கு நீ எழுதிய முதல் கார்டு எனக்கு மனப்பாடம். நீ எழுதிவிட்டுத் தமிழில் சொன்னாய். 'உங்கள் கார்டு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நாற்பது கட்டு வத்தியில் முப்பது தயார். பத்து இல்லை. முப்பதை வியாழக்கிழமை ரயிலில் போடுகிறோம். மீதிப் பத்துக்கு இரண்டு வாரம் ஆகும். வேண்டுமா என்று எழுதுங்கள்.' அவ்வளவுதான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வியாபாரத்துல யாராவது 'இல்லை'ன்னு எழுதுவாங்களா? ஆள் வேற கடைக்குப் போயிடுவானே" என்று கத்தினேன். நீ நிதானமாக, "இல்லாததை இல்லைன்னுதானேப்பா எழுதணும்? பாவம், அவரு காத்துட்டு இருக்க மாட்டாரா?" என்றாய். உன் அம்மா உள்ளேயிருந்து, "அவ எழுதினா சரக்கு போய்ச் சேருது, நீங்க எழுதினா சந்தேகந்தான் போய்ச் சேருது" என்றாள். நான் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை.

இப்போது நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அடுத்த மாதம் வீரப்ப சாகுகார் ஏதோ கல்யாணத்துக்காக மைசூருக்கு வந்தவர் நம் கடைக்கு வந்தார். நீ அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தாய். உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டு, "நிம்ம காகத யாரு பரீதார்ரீ?" என்று கேட்டார், உங்கள் கடிதத்தை யார் எழுதுகிறார்கள் என்று. நான் ஒரு குமாஸ்தா என்றேன். அவர் சொன்னார், முன்னே என் கடிதம் வந்தால் வக்கீல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டச் சொல்வாராம், கேட்டு முடித்தபிறகும் ஒன்றும் புரியாதாம். இப்போது வருகிற கார்டை வாசலில் நின்றே படித்துவிட்டு வண்டிக்காரனுக்கு ஆள் அனுப்பிவிடுகிறாராம். பத்து இல்லை என்று எழுதினதால்தான் அந்தப் பத்தை வேறு இடத்தில் வாங்கித் திருவிழாவைச் சமாளித்தாராம். இல்லை என்று சொல்கிற கடையை நம்பலாம் என்றாராம் அவருடைய கூட்டாளி. எழுந்து போகும்போது, "ஆ மனுஷன்ன பிடபேட்ரீ" என்றார், அந்த ஆளை விட்டுவிடாதீர்கள் என்று. ஆளை விடாதீர்கள். இருபது வருஷம் கடையை நடத்தியவன் நான், என்னை விடக் கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை.

உனக்குச் சேரவேண்டிய அந்தப் பாராட்டை நான் விழுங்கிவிட்டேன். சாயங்காலம் நீ வந்ததும், "ஹுப்ளிக்காரர் வந்தாரு" என்று மட்டும் சொன்னேன். "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லை, விலை கேட்டாரு" என்றேன். அன்றிலிருந்து நீ எழுதுகிறதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போனது. பேனா பிடிக்கிற விதத்தில் குற்றம் கண்டுபிடித்தேன். மை வீணாகிறது என்றேன். தபால்காரர் கார்டுக் கட்டை என்னிடம் கொடுக்காமல் நேரே உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா இதாரா?" என்று உன்னைத் தேடினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். பெற்ற பெண்ணைப் பார்த்து இப்படி ஒருவனுக்கு எரியுமா என்று கேட்பாய். எரிந்தது. மகன் ஒருவன் என்னைவிடப் பெரிய ஆளாகியிருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேனோ என்னவோ. பாவாடை தாவணியில் மாவுக் கையோடு வந்து, அஞ்சு வரி எழுதிவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போகிற உன்னிடம் தோற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த ஆடி மாதம் வந்த கார்டுக்கு வருகிறேன். காலை பத்து மணி இருக்கும். நீ கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய், பாடுகிற சத்தம் கடைவரைக்கும் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பாய். கார்டைப் பார்த்தேன். ஹுப்ளி முத்திரை. சாகுகார் கையெழுத்தின் வடிவம் எனக்குப் பழக்கம். நடுவில் நாற்பது என்ற எண். வேறென்ன எழுதியிருக்கப் போகிறார், மாதா மாதம் எழுதுகிற நாற்பது கட்டுத்தானே? குருடன் மாதிரி எதற்கெடுத்தாலும் பெண்ணைக் கூப்பிட வேண்டுமா, என் வியாபாரம் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். ஒரு கார்டை உன் பென்சில் படாமல் நானே முடித்தேன் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஆசை. மத்தியானத்துக்குள் நாற்பது கட்டையும் வண்டியில் ஏற்றி ரயிலுக்கு அனுப்பிவிட்டேன். அந்த வேகத்தில் சரக்கு போனதே கிடையாது. அன்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம் சாகுகார் நேரில் வந்து நின்றார். ஒரு சாக்குப் பையிலிருந்து ஓர் ஊதுவத்திக் கட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். மழையில் ஊறிப் பிசுபிசுத்து வத்தியெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடந்தது. "களிஸபேட்ரீ அந்த பரெதித்னல்ரீ" என்றார். அனுப்பாதீர்கள் என்று எழுதினேனே என்றார். அவருடைய கிடங்கைப் பிரித்துக் கூரை மாற்றிக்கொண்டிருந்தாராம். தான் மறுபடி எழுதும்வரை அந்த நாற்பது கட்டை அனுப்ப வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார். சரக்கு வந்து இறக்கிவைக்க இடமில்லாமல் கூட்ஸ் ஷெட் ஓரத்தில் கிடந்து மொத்தமும் நனைந்துவிட்டது. கடையில் அப்போது மார்க்கெட்டுக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "யாரு ஓதித்து?" என்று சாகுகார் கேட்டார், படித்தது யார் என்று.

எனக்கு மூச்சுவிட நேரம் இருந்தது, சரோஜா. யோசிக்க நேரம் இருந்தது. நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாய். உன்னைக் காட்டி, "இவளே காகத ஓதோது. சிக்க ஹுடுகி, தப்பாகிதெ" என்றேன். கடிதம் படிக்கிறது இவள்தான், சின்னப் பெண், தவறிவிட்டது என்று. பெருந்தன்மையாக மன்னிக்கிறவன் மாதிரிச் சொன்னேன். சாகுகார் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரை விடாதீர்கள் என்று சொன்னாரோ அந்த ஆள் நீதான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. உனக்கு அது தெரியாது. "ஹௌதா?" என்று, அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, அந்த நனைந்த கட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவரிடமிருந்து கார்டே இல்லை.

அவர் போனபிறகு நீ அழவில்லை. "அந்தக் கார்டைக் காட்டுங்கப்பா. நான் படிச்ச ஞாபகமே இல்லை" என்றாய். "வெள்ளிக்கிழமை காலையில குளிக்கப் போற அவசரத்துல படிச்சே, நாற்பது அனுப்புன்னு சொன்னே. கார்டு எங்கேயோ தொலைஞ்சுபோச்சு" என்றேன். "அப்படின்னா நான்தான் சரியாப் பார்க்கலை போலிருக்கு" என்றாய். அப்போது அந்தக் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. நீ உள்ளே போய்ப் பேனாவைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாய். அதற்குப் பிறகு நீ அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அடுத்த தையில் உனக்குக் கல்யாணம் செய்துவைத்தோம். நான் ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொண்டேன். 'முன்னே எழுதினவர் இல்லையா?' என்று மூன்று ஊரிலிருந்து கேட்டு எழுதினார்கள். அந்தக் குமாஸ்தா அதை எனக்குப் படித்துக் காட்டினபோதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, அதே பழைய எரிச்சல்தான்.

மாப்பிள்ளையின் கடிதம் வருவதற்குச் சில மாதம் முன்னாலிருந்தே ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். மார்க்கெட்டில் ஒன்றாம் வகுப்புக் கன்னடப் பாடப் புத்தகம் வாங்கினேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதற்குப் பேரனுக்கு என்றேன். (பொய் விட மாட்டேன் என்கிறது, பார்.) கடையைத் திறக்குமுன் தினமும் ஒரு மணி நேரம் அரசன், யானை, எலி என்று உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கையில் சும்மா வந்த எழுத்து என் கையில் முரண்டு பிடிக்கிறது. சுழி போடவேண்டிய இடத்தில் கொம்பு வருகிறது. கூட்டிப் படிக்க வந்ததும் பெட்டியிலிருந்து சாகுகாரின் கார்டை எடுத்தேன். மூன்றாவது வரியில் நாற்பதுக்குப் பக்கத்திலேயே ஒரு நீளமான சொல். க, ளி, ஸ, பே, டி. அனுப்பாதீர்கள். அஞ்சே அஞ்சு எழுத்து. தினமும் வாயால் ஆயிரம் தடவை சொல்கிற சொல் அது. கொல்லைக்கும் கடைக்கும் நடுவே இருபது அடி. ஒரு குரல் கொடுக்காததால் வந்தது எல்லாம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வியாபாரத்தில் எப்படிப் பேசவேண்டும், எப்படி எழுதவேண்டும் என்பதை நான் உன்னிடமிருந்துதான் கற்றேன், அதையும் உன்னைத் துரத்தினபிறகுதான் கற்றேன். இருப்பதை இருக்கிறது என்று எழுது, இல்லாததை இல்லை என்று எழுது, அவர்கள் பாஷையில் எழுது. நீ முன்னே செய்ததையே செய் என்றுதான் சொல்கிறேன். என் பங்குக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான், அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. புரியாத இடத்தில் கேட்டுவிடு. மாப்பிள்ளை கேட்காமல் நழுவினால் அவரையும் பிடித்துக் கேட்கவை. தெரிந்த மாதிரி இருப்பவனை நம்பித்தான் சரக்கு மழையில் நனைகிறது. மாப்பிள்ளை எப்போதாவது உன்னைப் பார்த்து என்னைப் போல முகம் சுளித்தால் இந்தக் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வை. அவர் என்னைவிட நல்லவர், அந்த அவசியம் வராது. அதுவும் எனக்குப் பொறாமைதான்.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாதம் போட்டாள், மோர் விட்டாள், எழுந்து போய்ப் பெட்டியில் புடவையை எடுத்துவைத்தாள். நாளைக் காலை ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். உங்களோடு எத்தனை நாள் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

கவருக்குள் இரண்டு கார்டு இருக்கிறது. ஒன்று, சாகுகார் எழுதியது. இடது மூலையைப் பார். உன் பென்சில் எழுத்து அங்கே இல்லை. அந்தக் கார்டு உன் கைக்கு வரவே இல்லை, இன்றுதான் வருகிறது. இன்னொன்று, நான் அவருக்கு எழுதியிருப்பது. கன்னடத்தில், என் கையால், மூன்று நாள் காலையில் உட்கார்ந்து எழுதினது. நாலே வரி. 'ஆடி மாதம் நீங்கள் போட்ட கார்டை என் மகள் படிக்கவில்லை. நான் படித்தேன். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அவள்மேல் நான் போட்டது பொய்ப் பழி.' நிறையப் பிழை இருக்கும். பென்சிலால் திருத்திவிட்டு, நஞ்சன்கூடு ஸ்டேஷன் தபால் பெட்டியில் உன் கையால் போடு. திருத்துகிறபோது சிரிப்பு வந்தால் சிரி, எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்யும், பரவாயில்லை.

போட்டாயிற்று என்று எனக்கு ஒரு கார்டு எழுது. கன்னடத்திலேயே எழுது, மூலையில் தமிழ் வேண்டாம். நானே படித்துக்கொள்கிறேன். புரியாத எழுத்து இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா